உள்ளூர் பேண்டுக் கச்சேரிகள்: அறிவிப்பிலேயே பாதி தெரிந்துவிடும்

உள்ளூர் பேண்டுகளின் கச்சேரி அறிவிப்புகள் வரத் தொடங்கினால் நாலைந்து சேர்ந்தாற்போலத்தான் வரும். எல்லாவற்றுக்கும் போக முடியாது, எல்லாமே போக வேண்டியவையும் அல்ல. வேலை முடிந்து வந்து, வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்து வாசிக்கிறவர்கள்தானே என்று சலுகை கொடுத்துக் கேட்க வேண்டியதும் இல்லை. நல்ல உள்ளூர் பேண்டு நன்றாக வாசிக்கும் மாலை, தொழிலாக வாசிக்கும் குழு ஏனோதானோ என்று வாசிக்கும் மாலையைவிடப் பல படி மேல். எந்த மாலை அப்படி அமையும் என்பதை அறிவிப்பை ஒழுங்காகப் படித்தாலே பாதி ஊகித்துவிடலாம். மீதி நாம் எங்கே உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில், 'பேண்டு' என்று போட்டிருப்பது எந்தப் பேண்டு என்று பாருங்கள். மூன்று வேறு விஷயங்களுக்கு இந்த ஒரே பெயர்தான். கான்சர்ட் பேண்டு என்றால் ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஃப்ரெஞ்ச் ஹார்ன், டிராம்போன், டியூபா, தாளக்கருவிகள் என்று எல்லாம் கலந்து பொதுவாக 40 முதல் 70 பேர். பிராஸ் பேண்டில் கிளாரினெட்டும் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. பிரிட்டிஷ் மரபுப்படி 25 பித்தளை வாத்தியக்காரர்கள், கூடவே தாளக்காரர்கள். டிரம்பெட்கூட அதில் கிடையாது, அந்த இடத்தில் அதன் நெருங்கிய உறவான கார்னெட். பிக் பேண்டு என்றால் ஜாஸ்: ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று வழக்கமாக 17 பேர். கிளாரினெட் வரிசையின் இழைவைக் கேட்க ஆசைப்பட்டுப் போனவர் பிராஸ் பேண்டின் எதிரே உட்கார்ந்துவிட்டு முகம் சுளித்தால், குற்றம் பேண்டின் மேல் இல்லை. இங்கே மேலும் சொல்வதெல்லாம் கான்சர்ட் பேண்டைப் பற்றியது. உள்ளூர் அளவில் அதிகம் நடப்பதும், அதிகம் தடுமாறுவதும் அதுதான்.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். இசைத்துண்டின் பெயர், இயற்றியவர், பேண்டுக்கு அமைத்தவர் என்று மூன்றையும் போட்டிருக்கிற அறிவிப்பை நம்பலாம். என்ன வாசிக்கப்போகிறோம் என்பது வாரக்கணக்கில் முன்னமே முடிவாகி, ஒத்திகையும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். "அனைவருக்கும் பிடித்த பாடல்கள்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் யோசியுங்கள். பல சமயம் அதன் பின்னால் இருப்பது மெட்லிகள், அதாவது ஏழெட்டுப் பாட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது. கேட்க எளிதாக இருக்கும் என்பதால் வாசிக்கவும் எளிது என்று குழுக்கள் நினைத்துவிடுகின்றன. உண்மையில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை வேகம் மாறும், சுருதிநிலை மாறும், யார் முக்கிய மெட்டை எடுப்பது என்பதும் மாறும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு பள்ளம். பாட்டுக்குள் நன்றாக வாசித்துக்கொண்டிருந்த குழு, அடுத்த பாட்டுக்குத் தாவும் அந்த நாலு அளவுகளில் (அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று) சிதறும். பாதிப்பேர் பழைய வேகத்தில், பாதிப்பேர் புது வேகத்தில். ஒரு மாலையில் ஒரு மெட்லி போதும். மூன்று இருந்தால் வேறு கச்சேரி தேடலாம்.

பேண்டு இசை பெரும்பாலும் 1 முதல் 6 வரை தரம் பிரித்து விற்கப்படுகிறது. ஒன்று தொடக்கநிலை மாணவர்களுக்கு, ஆறு தேர்ந்தவர்களுக்கு. திடமான உள்ளூர் பேண்டுக்கு மூன்றும் நான்கும்தான் வீடு, ஒரே ஒரு ஐந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். நிரல் முழுக்க ஐந்தும் ஆறுமாக இருந்தால் அது துணிச்சல் இல்லை, கணக்குத் தப்பு. பத்து வார ஒத்திகை என்பது கூட்டிப்பார்த்தால் இருபதே மணி நேரம். அதற்குள் அத்தனை கடினமான இசை அடங்காது. இன்னொரு குறிப்பும் உண்டு: 'ஃப்ளெக்ஸ்' அமைப்பு என்று எங்காவது போட்டிருந்தால், எந்த வாத்தியக்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலைந்து குரல்களில், அதாவது தனித்தனி இசைவரிகளில், சமாளிக்கும்படி எழுதப்பட்ட இசை அது. குழுவில் ஆள் குறைவு என்பதை அது மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. இசை மோசம் என்று ஆகாது. ஆனால் எழுபது பேர் சேர்ந்தெழுப்பும் முழக்கத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஒரு பேண்டின் தெம்பை ஒரே துண்டில் அளக்க வேண்டுமென்றால், இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்காகவே எழுதிய ஈ ஃபிளாட் முதலாம் ஸ்வீட் (Suite, பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு) நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதல் பகுதி எட்டே அளவு நீளமுள்ள ஒரு மெட்டோடு தொடங்குகிறது. யூஃபோனியமும் (சின்ன டியூபா போன்ற பித்தளை வாத்தியம்) டியூபாவும் மட்டும், தாளமோ துணையோ இல்லாமல். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. மூச்சு எங்கே எடுக்கிறார்கள், சுருதி ஒட்டுகிறதா, எட்டு அளவையும் ஒரே வாக்கியமாகச் சொல்கிறார்களா என்பதெல்லாம் முதல் இருபது நொடியில் தெரிந்துவிடும். அந்த மெட்டுதான் பகுதி முழுவதும் திரும்பத் திரும்ப வரும். தொடக்கத்தில் அது வலுவாக அமைந்தால் மேலே கட்டும் எல்லாமும் நிற்கும். பெர்சி கிரெய்ஞ்சரின் லிங்கன்ஷயர் போஸி நிரலில் இருந்தால் அது வேறு கதை. 1937இல் மில்வாக்கியில் அது முதன்முதலாக அரங்கேறியபோதே, ஆறு பகுதிகளையும் அந்தப் பேண்டால் வாசிக்க முடியாமல் கடினமானவற்றை விட்டுவிட்டுத்தான் வாசித்தார்கள். இன்றைக்கும் அதிலிருந்து இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் எடுத்து வாசிக்கும் உள்ளூர் பேண்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தன் அளவு தெரிந்த குழு அது.

ஓபோ, பஸூன் என்னும் நாணல் வைத்து ஊதும் குழல்கள் இரண்டும் உள்ளூர் பேண்டுகளில் பெரும்பாலும் ஆளில்லாத நாற்காலிகள். அந்த மெட்டுகளை வேறொரு வாத்தியத்தின் தாளில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓபோ இல்லாத நாளில் ஃப்ளூட்டோ கிளாரினெட்டோ அதை எடுத்துக்கொள்ளும். இதனால் கச்சேரி கெடாது. தாளக்கருவிப் பக்கம் ஆறு பேர் வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தால்தான் இசை இளைத்துப்போகும்.

இப்போது இடம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பேண்டு, ஒரே நிரல், இடம் மாறினால் ஆளே மாறிப்போகும்.

பள்ளி விளையாட்டுக்கூடம் மாதிரியான வழவழப்பான சுவரும் மரத்தரையும் உள்ள இடத்தில் டிரம்பெட்டும் ஸ்நேர் டிரம்மும் அறையை ஆக்கிரமித்துக்கொள்ளும். ஃப்ளூட் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தில் எதிரொலி மூன்று நொடிக்கு மேல் நிற்கலாம். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் மார்ச்சில் (அணிவகுப்பு நடைக்கான இசை) மூன்று நொடி என்றால் ஆறு அடி, அதாவது இப்போது கேட்கும் அடியோடு முந்தைய ஆறும் கலந்து கேட்கும். அந்த இடத்தில் மெதுவான, அடுக்கடுக்கான இசை தேன். வேகமான இசை குழம்பு. தேவாலயக் கச்சேரிக்கு மார்ச்சுகளாக அடுக்கிய நிரலைப் போட்டிருந்தால், இடத்தைப் பற்றி யோசிக்காத குழு என்று தாராளமாகச் சொல்லலாம். உட்காரும் இருக்கையும் துணியும் நிறைந்த, மேடைக்குப் பின்னால் திடமான சுவருள்ள அரங்கம்தான் பேண்டுக்கு உகந்தது. பின்சுவர் அவ்வளவு முக்கியமா என்றால், ஆம். ஃப்ரெஞ்ச் ஹார்னின் வாய் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது, டியூபாவின் வாய் மேல்நோக்கி. இந்த இரண்டின் ஒலியும் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. பின்னால் தடித்த திரைச்சீலை தொங்கினால் ஹார்ன் வரிசை துணிக்குள் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

பூங்காவில் நடக்கும் திறந்தவெளிக் கச்சேரியில் இந்தக் குறை உச்சத்துக்குப் போகும். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஹார்ன் ஒலி பின்னாலிருக்கும் மரங்களுக்கு, டியூபா ஒலி வானத்துக்கு. பின்புறம் வளைந்த ஓடு போன்ற மேடை இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அது இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் உட்கார்ந்தவருக்குக் கேட்பதைவிட 40 மீட்டரில் இருப்பவருக்கு 12 டெசிபல் குறைவு. அந்த 12 டெசிபலில் முதலில் காணாமல் போவது மெல்லிய பகுதிகள்தான். ஆகவே 10 முதல் 20 மீட்டருக்குள், காற்று பேண்டின் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசும் திசையில் இடம் பிடியுங்கள். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளைந்து இன்னும் தொலைவுக்குப் போகும். முதல் பாதியில் கேட்காதது இரண்டாம் பாதியில் அதே இடத்தில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திறந்தவெளியில் சுருதி தனிப் போராட்டம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் குழல் வாத்தியங்களின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே, கறுப்பையும் சேர்த்து, 100 சென்ட்). வாசிப்பவரின் மூச்சுச் சூடு சின்னக் குழல்களை ஓரளவு நிலையாக வைத்திருக்கும். டியூபா போன்ற பெரிய குழலில் அந்தச் சூடு முழுவதும் பரவாது. வெயில் இறங்கும் நேரத்தில் பத்து டிகிரி குறைந்தால் கீழ்க்குரல்கள் இறங்கிக்கொண்டே போகும். இதில் வேடிக்கை பார்க்கும்படி ஒன்று: கிளாக்கன்ஷ்பீல் போன்ற உலோகப்பட்டை வாத்தியங்கள் எதிர்த்திசையில் போகும். சூட்டில் மற்ற வாத்தியங்கள் ஏறும்போது இது கொஞ்சம் இறங்கும், அதைத் திருத்த ஒரு திருகும் கிடையாது. கடும் வெயிலில் மணியோசை மட்டும் தனியாகப் பொருந்தாமல் கேட்டால் வாசிப்பவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மரத்தாலான கிளாரினெட்டும் ஓபோவும் மழைக்கும் சட்டென்று மாறும் குளிருக்கும் விரிசல் விடும். தூறல் விழுந்தால் நிறுத்தத்தான் செய்வார்கள், நிறுத்த வேண்டும். ஆனால் மழை வந்தால் உள்ளரங்கத்துக்கு மாறுமா, ரத்தா, எத்தனை மணிக்குள் சொல்வார்கள் என்று அறிவிப்பில் எழுதாத குழுவை மன்னிக்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு வரிதானே. தாள் பறக்காமல் ஸ்டாண்டில் துணிக்கிளிப் மாட்டியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பக்கத்துக்கு இரண்டு கிளிப் வீதம் மாட்டிய குழு, பக்கம் திருப்பும் இடத்தையும் யோசித்திருக்கும். கிளிப்பே இல்லாத குழுவில் முதல் பலத்த காற்றுக்கே இரண்டாம் கிளாரினெட் வரிசை நின்றுவிடும்.

உள்ளரங்கில் முன்வரிசை நல்ல இடம் என்பது தவறான எண்ணம். முன்வரிசைக்குக் கேட்பது ஃப்ளூட்டும் முதல் கிளாரினெட்டும், நடுவில் பெரிய வெற்றிடம். டிரம்பெட், டிராம்போன் வாய்கள் நேராக நோக்கும் கோட்டில் உட்கார்ந்தால் காதுக்கும் நல்லதல்ல, குழந்தைகளை அங்கே உட்காரவே வைக்காதீர்கள். நடுவில், அரங்கத்தின் ஆழத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே உட்கார்ந்தால் எல்லாக் குரலும் ஒன்று சேர்ந்து வரும். எதிரொலி மிகுந்த தேவாலயத்தில் மட்டும் இது தலைகீழ். அங்கே முன் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் நேரொலி எதிரொலியை முந்திக் கேட்கும்.

சரி, வாசிப்பின் தரத்தை எதில் பார்ப்பது? பலத்த முடிவில் இல்லை. அறுபது பேர் முழுமூச்சில் ஊதினால் யாருக்கும் சிலிர்க்கும், குறைகளும் அதில் மூழ்கிப்போகும். மெல்லிய ஒலியில் வாசிக்கும் இடத்தில் பாருங்கள். ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி மெலிந்தால், கிளாரினெட்டின் சுருதி இயல்பாகவே மேலே ஏறும், ஃப்ளூட்டினுடையது கீழே இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகிக்கொண்டே போகும். விலகாமல் பிடிக்க ஃப்ளூட்காரர் மூச்சின் வேகத்தைக் குறைக்காமல் உதட்டுத் துளையை மட்டும் சிறிதாக்க வேண்டும். கிளாரினெட்காரர் தொண்டையைத் தளர்த்தி, சுருதி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது ஒருவருக்குத் தெரிந்தால் போதாது, வரிசை முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும். அந்த இடத்தில் காற்றில் ஒரு நடுக்கம், அலையடிப்பது போன்ற ஒரு உறுத்தல் கேட்டால், சுருதி விலகிவிட்டது. நடுக்கமில்லாமல் இரண்டு வாத்தியமும் ஒரே மூன்றாவது வாத்தியம் போலக் கேட்டால், இந்தப் பேண்டு ஒத்திகையில் வேகமான பக்கங்களை மட்டும் தேய்த்துவிட்டு வரவில்லை என்று தெரியும். அப்படிப்பட்ட குழுவின் அடுத்த கச்சேரிக்கும் நாளைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு சோதனை தாளம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லிநொடி ஆகும். மேடையின் முன்னால் இருக்கும் ஃப்ளூட்டுக்கும் பின்கோடியிலுள்ள ஸ்நேர் டிரம்முக்கும் 12 மீட்டர் இடைவெளி என்றால் 35 மில்லிநொடி. டிரம்மர் முன்வரிசையைக் காதால் கேட்டு அதற்குச் சரியாக அடித்தால், அவருக்குக் கேட்டதே 35 மில்லிநொடி தாமதம். அவர் அடி முன்னால் வந்து சேர இன்னொரு 35. முன்வரிசைக்கு டிரம் 70 மில்லிநொடி பின்தங்கியே கேட்கும். 120 அடி வேகத்தில் அடியின் கால்பங்கு 125 மில்லிநொடிதான், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. முன்வரிசை டிரம்மைக் கேட்டு இன்னும் மெதுவாக்கும், டிரம்மர் அவர்களைக் கேட்டு மெதுவாக்குவார், மார்ச் சேற்றில் நடப்பது போல ஆகிவிடும். மருந்து ஒன்றுதான்: பின்னால் இருப்பவர்கள் காதை நம்பாமல் இசை நடத்துநரின் கோலைப் பார்த்து அடிக்க வேண்டும். நல்ல பேண்டில் தாளக்காரர்களின் கண் தாளில் இருக்காது.

தொடக்கத்தில் சுருதி சேர்ப்பதைப் பாருங்கள், இடைவேளைக்குப் பிறகும் பாருங்கள். முதலில் எல்லாரும் சேர்ப்பார்கள், பெரும்பாலும் பி ஃபிளாட் சுரத்துக்கு. கிளாரினெட்டில் பேரல் என்னும் மேல்துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறக்குவார்கள், அதற்கு மேல் இழுத்தால் தொண்டைச் சுரங்கள் (குழலின் மேல்பகுதித் துளைகளில் பிறப்பவை) மட்டும் கூடுதலாக இறங்கிப்போகும். இடைவேளையின் 20 நிமிடத்தில் வாத்தியங்கள் ஆறிவிடும். திரும்பி வந்து அவசரமாக உட்கார்ந்து நேராக வாசிக்கத் தொடங்கும் குழுக்களில், மாலையின் மிக மோசமான சுருதி இரண்டாம் பாதியின் முதல் துண்டில்தான். ஒரு நிமிடம் மறுபடி சேர்த்துக்கொண்டால் தீர்ந்துபோகும் குறை இது. அனுபவமுள்ள குழுக்களே இதைச் செய்யாமல் விடுவது வருத்தமாக இருக்கிறது.

நீளம்: திறந்தவெளியில் இடைவேளை இல்லாமல் 60 முதல் 75 நிமிடம், உள்ளே இடைவேளையோடு 100 நிமிடம். அதற்கு மேல் கேட்பவருக்கு முன்னால் டிரம்பெட்காரர்களின் உதடு அசந்துவிடும். உதடு அசந்தால் மேல் சுரங்கள் உடையும், சுருதி இறங்கும். கடினமான துண்டை முதல் பாதியின் இரண்டாம் இடத்தில் வைப்பதன் காரணம் இதுதான். கடைசிக்கு முந்தைய இடத்தில் அதை வைத்திருக்கும் நிரலைப் பார்த்தால் டிரம்பெட் வரிசைமேல் இரக்கம் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு நிமிட அறிமுகம் நல்லது, உதட்டுக்கும் ஓய்வு. ஐந்து நிமிடப் பேச்சு வாத்தியங்களை ஆறவைக்கும்.

எங்கே போகலாம் என்று கேட்டால், பருவ இறுதியில் உள்ளரங்கில் நடக்கும் முழுநீளக் கச்சேரிக்கே என் ஓட்டு. அதற்குத்தான் அதிக ஒத்திகை. பேண்டு இசையை முதன்முதலாகக் கேட்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பூங்காக் கச்சேரி பொருத்தம், எழுந்து ஓடினாலும் யாருக்கும் தொந்தரவில்லை. பண்டிகைக் காலக் கச்சேரிகள் மெட்லிகளால் நிறைந்தவை, போகிறவர்கள் அதைத் தெரிந்தே போகலாம். இரண்டு மூன்று பேண்டுகள் சேர்ந்து வாசிக்கும் கூட்டுக் கச்சேரியில், ஒவ்வொரு குழுவும் தனியாக வாசிக்கும் பகுதிக்குப் போங்கள். இறுதியில் நூற்றைம்பது பேர் சேர்ந்து வாசிப்பது ஒரே ஒரு ஒத்திகையோடு நடப்பது, கண்ணுக்குத்தான் விருந்து.

எந்தக் கச்சேரியானாலும் கடைசி மார்ச்சுக்கு முன்னால் எழுந்துவிடாதீர்கள். மார்ச்சின் நடுவில் ட்ரியோ என்ற பகுதி வரும், அங்கே சுருதிநிலை மாறி, மெட்டு நீண்டு பாடத் தொடங்கும். மரபு தெரிந்த பேண்டு அதை முதல் முறை முழுக்குரலில் வாசிக்காது. டிரம்பெட், டிராம்போன், சிம்பல் மூன்றும் ஓய்ந்திருக்க, கிளாரினெட்டுகள் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, அடக்கமாக மெட்டைச் சொல்லும். பேஸ் டிரம் மட்டும் மெல்லத் துணை வரும். களைத்த உதடுகளோடு, மாலையின் கடைசி மூன்று நிமிடத்தில், அந்த மெலிந்த ஒலியைச் சுருதி விலகாமல் பிடித்து நிறுத்திவிட்டு, இறுதிச் சுற்றில் எல்லாரும் சேர்ந்து சிம்பலோடு எழுவார்கள்.